தண்ணீர் வந்ததும் நிறுத்து

ஆழ்துளைக் கிணறு போடுகிற எங்கள் போர் வண்டிக்கு என்று ஒரு வழக்கம் இருந்தது. துளைக்குள்ளிருந்து தண்ணீர் பீய்ச்சி அடித்ததும் எஞ்சினை நிறுத்திவிட வேண்டும். மெதுவாக இல்லை, ஒரே இழுப்பில். கம்ப்ரஸர் அடங்கும். கல்மாவு தரையில் இறங்கும். அதுவரை கத்திக்கொண்டிருந்த கொல்லை சட்டென்று வாயை மூடிக்கொண்ட மாதிரி இருக்கும். அப்போது அந்த வீட்டின் மூத்த பொம்பளை முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வந்து குழாய் வாயில் காதை வைப்பாள். கீழே ஊறுகிற சத்தம் அவள் காதில் விழுந்தால்தான் தேங்காய் உடைப்பார்கள். எஞ்சின் சத்தம் நிற்காவிட்டால் வந்த தண்ணீர் பயந்து திரும்பிப் போய்விடும் என்று ஒரு பேச்சு.

அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவன் பாவாடை. எங்கள் வண்டியின் ஆப்பரேட்டர், என் தங்கச்சி வசந்தாவின் புருஷன். நான் துளைக்குள் இறங்குகிற இரும்பு ராடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டுகிற கூலி, அவன் லீவர் பிடிக்கிறவன். மற்ற வண்டிக்காரர்கள் தண்ணீர் வந்தாலும் எஞ்சினை உறுமவிட்டு ஓரமாகப் போய் பீடி பற்றவைப்பார்கள். இவன் நிறுத்துவான். நிறுத்தின கையோடு தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நிற்பான், கோயிலில் நிற்கிற மாதிரி. அதைப் பார்த்துவிட்டு வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்ட ஆம்பளைகள் உண்டு. வல்லம் பக்கமும் தொண்டூர் பக்கமும் பாவாடை வருகிற வண்டிதானா என்று கேட்டுக்கொண்டுதான் எங்கள் முதலாளி ராஜாராமுக்குப் போன் போடுவார்கள்.

அந்த வழக்கம்தான் எங்கள் டர்போவைத் தின்றுகொண்டிருக்கிறது என்பது மெக்கானிக் ஜகபர் அலி பாய் அதைப் பிரித்துப் போட்ட அன்றைக்குத்தான் தெரிந்தது.

பாயின் பட்டறை திண்டிவனம் ரோட்டில் இருக்கிறது. செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை வெயிலை மறைக்கிற அளவுக்குக் கிட்ட இல்லை, ஆனால் நிமிர்ந்தால் கோட்டைதான் தெரியும். கம்ப்ரஸர் எஞ்சின் புகை கக்குகிறது என்று டர்போவைக் கழற்றி எடுத்துப் போனோம். கையில் தூக்கிப் பார்த்தால் அது பெரிய சாமான் இல்லை. இரண்டு நத்தைகள் முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்ட மாதிரி இருக்கும். ஒரு நத்தைக்குள் எஞ்சினின் சூட்டுப்புகை பாய்ந்து ஒரு சக்கரத்தைச் சுற்றும். அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரம். அது வெளிக்காற்றை இழுத்து எஞ்சினுக்குள் திணிக்கும். காற்று கூடினால் டீசல் நன்றாக எரியும், எஞ்சினுக்குப் பலம் வரும், பாறை உடையும். சொல்வதற்கு இவ்வளவுதான். ஆனால் அந்தத் தண்டு சுற்றுகிற வேகத்தில் சுற்றுகிற சாமான் நம் ஊரில் வேறு எதுவும் இல்லை என்றார் பாய்.

அவர் தண்டின் மூக்கை இரண்டு விரலால் பிடித்து ஆட்டிக் காட்டினார்.

"மேலயும் கீழயும் கொஞ்சம் ஆடலாம். ஓடும்போது எண்ணெய் வந்து அந்த எடத்த ரொப்பிக்கும். உள்ளயும் வெளியயும் ஆடக்கூடாது. ஆடுச்சின்னா அதுக்கு நாள் குறிச்சாச்சின்னு அர்த்தம்."

எங்களுடையது உள்ளேயும் வெளியேயும் ஆடியது. டக் டக் என்று சத்தமும் கேட்டது.

நடுவில் இருந்த புஷ்ஷுகளை வெளியே தள்ளினார். மோதிரம் மாதிரி இரண்டு. தண்டு இந்த உலோகத்தின்மேல் உட்காரவில்லை, எண்ணெயின்மேல்தான் மிதந்துகொண்டு ஓடுகிறது, புஷ் சும்மா பேருக்கு என்றார். பிறகு ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினார். கழுவாத தோசைக்கல்லில் பிடித்திருக்குமே, அந்த மாதிரி கறுப்பு, பொருக்குப் பொருக்காக விழுந்தது.

"கொதிக்கக் கொதிக்க எஞ்சின நிறுத்தறது யாரு?" என்று கேட்டார்.

நான் பாவாடையைப் பார்த்தேன்.

"தண்ணி வந்தா நிறுத்தாம இன்னா பாய், தாலாட்டா பாடுவாங்க?" என்றான் அவன்.

பாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "நீ நிறுத்திட்ட. சக்கரம் நிக்கலயே. எஞ்சினு நின்னா எண்ணெய் பம்பும் நின்னுடும். சக்கரம் இன்னும் சுத்துது, எண்ணெய் இல்லாம. அந்தாண்ட புகை போன பக்கம் அடுப்பாட்டம் காயுது. நடுவுல மாட்டிக்கின எண்ணெய் இன்னா ஆவும்? கரியாவும். அப்புறம் புது எண்ணெய் வர்ற வழியயும் அந்தக் கரியே அடைச்சிக்கும். லோடு எறக்கிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா ஓட விடு. ஒரு பீடி நேரம்."

"எனக்குப் பீடி பழக்கம் இல்ல பாய்."

காற்று இழுக்கிற சக்கரத்தையும் பாய் காட்டினார். அதன் இறகுகளின் விளிம்பு எலி கொறித்த மணிலாக்கொட்டை மாதிரி இருந்தது. நாங்கள் உடைக்கிற பாறையின் மாவுதான். ஏர் ஃபில்டர் ரப்பர் விரிசல் விட்டிருந்தது, அந்த வழியாகப் போயிருக்கிறது. ஒரு இறகு ஒரு மயிர் தேய்ந்தாலும் சக்கரம் எடை தப்பும், எடை தப்பின சக்கரம் தண்டை அடிக்கும், தண்டு புஷ்ஷை அடிக்கும். இந்தப் பக்கம் மண் தின்கிறது, நடுவில் நெருப்பு தின்கிறது என்றார்.

கிளம்பும்போது பாய் சிரிக்கவில்லை. தண்டு ஆட ஆட ஓரத்தில் இருக்கிற சீல் தேயும். எஞ்சினுக்குப் போகிற காற்றோடு எண்ணெயும் சேர்ந்து போகும். கொஞ்சமாகப் போனால் நீலப்புகை. மொத்தமாகப் போனால் எஞ்சின் அந்த எண்ணெயையே தின்று ஓட ஆரம்பித்துவிடும்.

"அன்னைக்கு நீ நிறுத்தினாலும் அது நிக்காது. டீசல மூடிப் பிரயோஜனம் இல்ல. காத்த மூடணும். கையால மூடாத, துணியால மூடாத, உள்ள இழுத்துக்கும். பலக, தட்டு, தட்டையா எதுனா வச்சி அழுத்து."

நான் வீட்டில் கிடந்த உடைந்த கட்டில் பலகையில் ஒரு துண்டு அறுத்து, ஓட்டை போட்டு, கம்பியில் கோத்து ஏர் ஃபில்டர் பக்கத்தில் மாட்டிவைத்தேன். பாவாடை அதைப் பார்த்து, வண்டிக்குத் தாலி கட்டிவிட்டாயா மச்சான் என்று கேட்டான். வசந்தாவிடம் பாய் சொன்னதை நான்தான் சொன்னேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "அவரு யார் சொன்னாலும் கேக்கமாட்டாரு. நீ கிட்டயே இருண்ணே," என்றாள். அதற்குப் பிறகு ராடு மாட்டும்போதுகூட எனக்கு ஒரு கண் அவன்மேலேயே இருந்தது.

அந்தக் கோடையில் தண்ணீர் இன்னும் கீழே போய்விட்டது. முன்பு வந்த ஆழத்தில் வெறும் மாவுதான் வந்தது. ஆழம் போகப் போகக் காற்று போதாமல், அடியில் பாறையை உடைக்கிற சுத்தியல் சோர்ந்துவிடும், உடைந்த கல் மேலே வராது. பாய் சரிசெய்து கொடுத்த பழைய டர்போவுக்கு அதற்கு மேல் மூச்சு இல்லை. முதலாளி திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு ஆளிடமிருந்து வேறொரு டர்போ வாங்கிவந்தார். ஏதோ ஒரு வண்டியிலிருந்து கழற்றினது.

பாய் அதைத் துணியால் துடைத்துவிட்டு வெகுநேரம் பார்த்தார். நல்ல சாமான் என்றார், மனசார. பழையதில் சக்கரம் வார்ப்பு. இதில் ஒரே அலுமினியக் கட்டியிலிருந்து கடைந்தெடுத்தது. சக்கரமும் பெரிசு, ஆனால் இறகு மெலிசு, அதனால் எடை இல்லை. பெரிய சக்கரம் வேகம் எடுக்க நேரம் ஆகுமே என்று நான் கேட்டேன். அதற்குத்தான் நடுவில் புஷ் இல்லாமல் பால் பேரிங் போட்டிருக்கிறான், உராய்வு கம்மி, கை வைத்ததும் எழும் என்றார். விரலால் தட்டினார். அது சத்தமில்லாமல் சுற்றியது, நிற்கவே மனசில்லாத மாதிரி.

பிறகு அதைத் திருப்பி, பக்கவாட்டில் மூடி திருகியிருந்த இரண்டு துளைகளைக் காட்டினார்.

"இது தண்ணி போற வழி. ரேடியேட்டர்லருந்து இதுக்கு ஹோஸ் இழுக்கணும். எஞ்சினு நின்னப்புறமும் தண்ணி இந்தச் சூட்ட வாங்கிக்கும். இது இல்லாம ஓட்டினா இந்த உருண்டைங்க நடுவுலயே எண்ணெய் கரியாயிடும். புஷ்ஷுன்னா தேஞ்சி தேஞ்சி புகைய காட்டும், சொல்லிக்கினே சாவும். இது சொல்லாது. ஒரே நாள்ல போயிடும்."

முதலாளி போனைப் பார்த்துக்கொண்டே கேட்டார். அந்த எஞ்சினில் ஹோஸ் இழுக்க வசதி இல்லை, ரேடியேட்டரில் வெல்டிங் வைக்க வேண்டும், வண்டி நிற்கும். சீசன் முடியட்டும் பாய், அப்புறம் பார்க்கலாம் என்றார். தண்ணீர் வழி இல்லாமல் நான் மாட்டமாட்டேன் என்று பாய் சொல்லிவிட்டார். அவர்கள் சண்டை போடவில்லை. பாய் டர்போவை அதே துணியில் சுற்றி முதலாளி கையில் கொடுத்தார், அவ்வளவுதான். ஷெட்டில் வைத்து பாவாடைதான் மாட்டினான். ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தது நான்.

உண்மையைச் சொல்ல வேண்டும், அது வேலை செய்தது. முந்தையது ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் யோசித்துவிட்டு எழும். இது கை வைத்ததும் சீறியது. ராடு மேல் ராடாக நான் மாட்டிக்கொண்டே இருந்தேன், பாறை விழுங்கிக்கொண்டே இருந்தது. அடுத்தடுத்துத் தண்ணீர். ஒவ்வொரு தண்ணீருக்கும் பாவாடை ஒரே இழுப்பில் நிறுத்தினான். எஞ்சின் நின்ற பிறகும் உள்ளே அந்தச் சக்கரம் மட்டும் மெல்லிசாக ஊதிக்கொண்டே சுற்றும். எல்லோரும் குழாய்ப் பக்கம் காதைத் தீட்டும்போது நான் அதைத்தான் கேட்பேன். முதலில் அது நெடுநேரம் ஊதியது. வரவரச் சீக்கிரம் நின்றது.

கொஞ்ச நேரம் ஓடவிடேன் என்று நான் கெஞ்சியும் பார்த்தேன். ஒரே ஒரு இடத்தில், வல்லத்தில், என் பேச்சைக் கேட்டு ஓடவிட்டான். அந்த வீட்டுக்காரர் ஓடிவந்து, ஏன் நிறுத்தலை, எங்க தண்ணி மட்டும் இளப்பமா என்று மேலே விழுந்தார். பாவாடை முகம் செத்துப்போய்விட்டது. அதோடு சரி.

காலையில் ஸ்டார்ட் செய்தால் நீலப்புகை ஒரு கொத்து வந்து மறையும். ஊதலுக்கு அடியில் கொசு மாதிரி இன்னொரு சத்தம் சேர்ந்துகொண்டது. தளவானூர் வேலைக்குப் போகிற அன்றைக்கு விடியலில் நான் ஹோஸைக் கழற்றிச் சக்கரத்தின் மூக்கைப் பிடித்துப் பார்த்தேன். உள்ளே ஒரு துளி ஆட்டம். வெளியே ஒரு துளி. விளிம்பிலும் கொறிப்பு தொடங்கியிருந்தது. முதலாளிக்குப் போன் செய்தேன். தளவானூரை முடித்துவிட்டு வண்டியைப் பாயிடம் விட்டுவிடு என்றார். பாவாடையைக் கூப்பிட்டுத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். அவனும் பிடித்துப் பார்த்தான்.

"அது ஆடல மச்சான். உன் கைதான் ஆடுது."

தளவானூரில் குஞ்சம்மாள் என்கிற பொம்பளையின் கொல்லை. புருஷன் இல்லை. ஏற்கெனவே இரண்டு போர் போட்டு இரண்டும் மாவுதான். மூன்றாவதாக எங்களைக் கூப்பிட்டிருந்தாள், பாவாடை வண்டி என்று கேட்டு. மணிலாச் செடி காய்ந்து சருகாகக் கிடந்தது. சாப்டீங்களா என்று மட்டும் கேட்டாள். மஞ்சளில் பிள்ளையார் பிடித்துக் கையில் வைத்துக்கொண்டு எங்கே வைப்பது என்று பார்த்தாள். தரை முழுக்கப் பழைய போரின் கல்மாவு. தட்டையாக எதுவும் இல்லை.

பாவாடை போய் ஏர் ஃபில்டர் பக்கத்தில் மாட்டியிருந்த பலகையைக் கழற்றினான்.

"அது அங்கயே இருக்கட்டும் மாப்ள," என்றேன்.

"சாமி உக்காரட்டும் மச்சான். இந்தப் பலகைக்கும் ஒரு வேல வோணுமில்ல."

பலகையைத் துளைக்குப் பக்கத்தில் போட்டு அதன்மேல் பிள்ளையாரை வைத்தார்கள். வெற்றிலை, பழம், சூடம். நான் வெறும் கம்பியைப் பார்த்துக்கொண்டே ராடு தூக்கினேன். வேறு பலகை தேடியிருக்கலாம். துளை போடுகிற பிட் இறங்கத் தொடங்கிவிட்டது, இறங்கத் தொடங்கினால் ராடுக்காரனுக்கு நகர நேரம் கிடையாது.

மதியம் தாண்டியும் மாவுதான். வெள்ளையாக வந்து எங்கள் இமையில் படிந்தது. குஞ்சம்மாள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அந்த மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தின ஆழத்தைத் தாண்டினோம். பாவாடை இன்னும் காற்று கொடுத்தான். அந்தக் கொசுச் சத்தம் இப்போது ரம்பம் மாதிரி ஆகிவிட்டது. புகைக்குழாயைப் பார்த்தேன். நீலம், மறையவே இல்லை. புகையைப் பார் என்று பாவாடைக்குக் கையைக் காட்டினேன். அவன் துளையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மாவு நிறம் மாறிக்கொண்டிருந்தது.

மாவு சேறானது. சேறு தண்ணீரானது. பனை உயரத்துக்கு அடித்தது.

குஞ்சம்மாள் எழுந்து ஓடிவந்தாள். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு மண்டியிட்டாள். பாவாடை துளைக்குப் போகிற காற்றை வெட்டினான், தண்ணீர் குழாய்க்குள் இறங்கியது. அவள் கண்ணை மூடிக் காதை வைத்தாள். அவன் ஸ்டாப் கம்பியை இழுத்தான்.

எஞ்சின் நிற்கவில்லை.

கொஞ்சம் தயங்கின மாதிரி இருந்தது. பிறகு ஏறியது. லோடு இல்லாத எஞ்சின், டீசல் இல்லாத எஞ்சின், தன் எண்ணெயைத் தானே குடித்துக்கொண்டு ஏறியது. கம்ப்ரஸர் ஏற்றின லாரி முழுக்க நடுங்கியது. புகை வெள்ளையாகக் கிளம்பிக் கொல்லையை மூடியது. வேடிக்கை பார்த்தவர்கள் வரப்பைத் தாண்டி ஓடினார்கள். குஞ்சம்மாள் மட்டும் அசையாமல் குழாயில் காதை வைத்தபடி இருந்தாள். நிறுத்துவான், நிறுத்தாமல் இருக்கமாட்டான் என்று காத்திருந்தாள்.

பாவாடை கம்பியை இழுத்தான், மறுபடி இழுத்தான். அது அறுந்து கையோடு வந்துவிட்டது. கம்ப்ரஸர் லாரிமேல் தாவினான். என் கண் முதலில் போனது ஏர் ஃபில்டர் பக்கத்தில் பலகை இல்லாமல் தொங்கின வெறும் கம்பிக்கு. பலகை அந்தப் பக்கம், துளையோரம், சாமியோடு இருந்தது. அவன் இந்தப் பக்கம். கிட்டயே இரு என்று வசந்தா சொன்னது ஞாபகம் இருக்கிறது. நான் அவனை விட்டுவிட்டுப் பலகைக்கு ஓடினேன்.

பிள்ளையாரைக் கையால் எடுத்து வைத்திருக்கலாம். தள்ளிவிட்டேன். சூடம் என் காலில் விழுந்தது. பலகையோடு திரும்பினபோது பாவாடை ஹோஸைப் பிடுங்கி எறிந்திருந்தான். டர்போ வாய் திறந்து கிடந்தது. தலைத்துண்டை அவிழ்த்து, சுருட்டி, அதன்மேல் கையை வைத்து அழுத்தினான். துண்டு இருந்த இடத்தில் இல்லை. அவ்வளவு வேகம். கையும் கூடவே போனது.

அவன் கத்தினானா என்று எனக்குத் தெரியாது. எஞ்சின் சத்தத்தில் வாய் மட்டும் திறந்தது. உள்ளே சக்கரம் வெடித்து, கரண்டியால் கல்லைச் சுரண்டுகிற மாதிரி ஒன்று கேட்டது. அவனைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டுப் பலகையை வாயில் அறைந்தேன். அது பலகையைப் பிடித்துக்கொண்டது. நான் அழுத்தக்கூட வேண்டியிருக்கவில்லை. இரண்டு முறை குலுங்கியது. நின்றது.

அந்த அமைதி வந்தது. வழக்கமாக வருகிற அதே அமைதி.

பாவாடை டயரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். வலது கையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்திருந்தான், சட்டை நனைந்துகொண்டே வந்தது. நான் என் துண்டைக் கட்டினேன். கட்டும்போது பார்த்தேன், மூன்று விரல் இல்லை. அவன் காது அடைத்துப் போயிருந்தது போலிருக்கிறது, உரக்கக் கேட்டான்.

"நின்னுச்சா மச்சான்?"

தலையாட்டினேன்.

"கேக்குதான்னு கேளு."

நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவும் இல்லை. புகைக்கு அந்தப் பக்கத்திலிருந்து குஞ்சம்மாள் குரல் வந்தது. இந்தப் பக்கம் நடந்தது எதுவும் தெரியாத குரல்.

"ஊறுதுய்யா," என்றாள். "நல்லா ஊறுது."

அவனுக்கு அதுவும் காதில் விழவில்லை. வாயசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ளப் புகை விடவில்லை.

செஞ்சி ஆஸ்பத்திரியிலிருந்து விழுப்புரத்துக்கு அனுப்பினார்கள். வசந்தா என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் தாங்கவில்லை. முதலாளி எஞ்சினைப் பிரிக்கக் கொடுத்துவிட்டு, அதே ஆளிடம் அதே மாதிரி இன்னொரு டர்போ வாங்கினார். இந்த முறை பாய் ரேடியேட்டரில் வெல்டிங் வைத்து, தண்ணீர் ஹோஸ் இழுத்து, ஃபில்டர் ரப்பர் புதிதாகப் போட்டு, தானே மாட்டிக் கொடுத்தார். மாட்டி முடித்ததும் என்னைக் கூப்பிட்டு மூக்கைப் பிடித்துப் பார்க்கச் சொன்னார். ஆடவில்லை. தண்ணி ஹோஸ் இருக்குதுன்னு நம்பிடாத, இதுவும் ஒரு அளவுதான் தாங்கும் என்றார். இப்போது லீவர் என் கையில்.

தொண்டூரில் முதல் போர். பாவாடை கட்டுப்போட்ட கையோடு டி.வி.எஸ்ஸில் யார் பின்னாலேயோ உட்கார்ந்து வந்துவிட்டான். வீட்டில் இருக்கச் சொன்னால் கேட்பானா. புளியமரத்தடியில் உட்கார்ந்தான். ஒரு காது இன்னும் சரியாகவில்லை. பிள்ளையாருக்குப் பலகை கேட்டு வந்தார்கள். இல்லை என்றேன். கம்பியில் தொங்குகிறதே என்றார்கள். அதைத் தரமுடியாது என்றேன். ஒரு பக்கம் மஞ்சளும் மறுபக்கம் டர்போ வாயின் கறுத்த வட்டமும் அதில் அப்படியே இருந்தன.

சாயந்திரத்துக்கு முன்னால் தண்ணீர் வந்தது. நான் காற்றை வெட்டி எஞ்சினைத் தாழ்த்தினேன். நிறுத்தவில்லை. வீட்டு மூத்தவள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு குழாயில் காதை வைத்தாள். எடுத்தாள். என்னைப் பார்த்தாள். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒருத்தர், இது பாவாடை வண்டி இல்லியா என்று கேட்டது காதில் விழுந்தது.

மரத்தடியில் பாவாடை எழுந்து நின்றுவிட்டான். கட்டுப்போட்ட கையைத் தலைக்கு மேல் தூக்கி, நிறுத்து, நிறுத்து என்று காட்டினான். அவன் முகத்தில் கோபம் இல்லை. கெஞ்சல்தான் இருந்தது. நான் ஸ்டாப் கம்பியிலிருந்து கையை எடுத்துப் பின்னால் கட்டிக்கொண்டேன். மெல்லிசாக ஊதிக்கொண்டு சக்கரம் சூடு ஆறிக்கொண்டிருந்தது. அதையே கேட்டுக்கொண்டு நின்றேன். அவன் கையை இறக்கவே இல்லை.